ஒட்டப்பட்ட முன்கண்ணாடியைக் காரிலிருந்து பிரித்தெடுக்கும் முறை

அம்பாசடர் போன்ற பழைய கார்களில் முன்கண்ணாடியை ரப்பர் பீடிங் மட்டுமே பிடித்திருந்தது. பீடிங்கின் உதட்டை உள்ளிருந்து நெம்பித் தள்ளினால் கண்ணாடி வெளியே வந்துவிடும். இன்றைய கார்களில் அது பாலியூரிதேன் பசையால் பாடியோடு நேரடியாக ஒட்டப்பட்டிருக்கிறது. வண்டியின் உறுதியில் அதற்குப் பங்கு உண்டு. பல கார்களில் பயணியின் பக்கத்து ஏர்பேக் விரியும்போது அந்தக் கண்ணாடியின் மேல்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஆகவே, தூக்கி எறியப்போகும் உடைந்த கண்ணாடியானாலும், அது உட்கார்ந்திருக்கும் தகட்டு விளிம்பின் பெயின்ட்டைக் காப்பாற்றியே ஆக வேண்டும். அங்கே விழும் ஒரு கீறலில் துரு பிடித்தால், அது புதிய பசைக்கு அடியில் யார் கண்ணுக்கும் தெரியாமல் பரவி, பிடிப்பையே விடச் செய்துவிடும்.

முதலில் வைப்பர் கைகள், அவற்றுக்குக் கீழுள்ள பிளாஸ்டிக் மூடி, இரு பக்கத் தூண்களின் உள் டிரிம் (உட்புற மூடுபட்டை), பின்னால் பார்ப்பதற்கான உட்புறக் கண்ணாடி ஆகியவற்றைக் கழற்றி, மழை உணரியும் கேமராவும் இருந்தால் அவற்றின் இணைப்புகளையும் பிரித்துவிட வேண்டும். கண்ணாடியைச் சுற்றியுள்ள பெயின்ட்டின் மேல் டேப் ஒட்டி, டேஷ்போர்டின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் தகடு ஒன்றை விரிக்க வேண்டும். வெட்டுப்படாத கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது.

பசையை அறுக்கப் பயன்படும் கருவிகளில் பழையது, எல் வடிவ அலகு கொண்ட கைக்கத்தி. ஒரு கை கத்தியின் திசையைப் பார்த்துக்கொள்ள, மறு கை கத்தியோடு கம்பியால் இணைந்த பிடியை இழுக்கிறது. அலகு கண்ணாடியின் அடிப்பரப்போடு படிந்தே செல்ல வேண்டும். மேலே சாய்ந்தால் கண்ணாடியின் ஓரம் சிதறும், கீழே சாய்ந்தால் பெயின்ட் போகும். பசையின் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டே இழுத்தால் அலகு வழுக்கிச் செல்லும். கண்ணாடியின் ஓரம் பாடிக்குள் மறைந்திருக்கும் வண்டிகளில் இந்தக் கத்தி நுழைவதே கடினம். மின்சாரத்தில் அதிரும் கத்தி வேகமாக வெட்டும். ஆனால் கை ஒரு முறை பிசகினாலும் தகடுவரை கீறிவிடுகிறது.

மெல்லிய கம்பியால் பசையை அறுக்கும் முறையையே நான் முதலில் பரிந்துரைப்பேன். கீழ் மூலையை ஒட்டி, உள்ளிருந்து நீண்ட ஊசியால் பசையைத் துளைத்து, கம்பியின் ஒரு நுனியை வெளியே தள்ளுங்கள். வெளியே நிற்பவர் அதைக் குறடால் பிடித்து இழுத்து, கண்ணாடியைச் சுற்றிக் கொண்டுபோய், நான்கு மூலைகளிலும் ஓரத்துக்கு அடியில் செருகிவிட வேண்டும். பிறகு, முன்கண்ணாடியின் உட்புறத்தில் உறிஞ்சு கிண்ணத்தால் ஒட்டி நிற்கும் சுருட்டுக் கருவியில் உள் நுனியை மாட்டிச் சுருட்டினால், கம்பி பசையை வெளியிலிருந்து உள்நோக்கி அறுத்துக்கொண்டே வரும். வெட்டு நகர நகரக் கருவியையும் நகர்த்திக்கொள்ள வேண்டும். மூலைகளில் கம்பி மடங்கித் திணறும். அங்கே அவசரப்பட்டால் அறுந்துவிடும். சுருட்டுக் கருவி இல்லாமல் இருவர் உள்ளும் வெளியுமாக இழுத்து அறுப்பதானால், கைவீச்சு நீளமாக இருக்கட்டும்; ஒரே இடத்தில் குட்டையாக இழுத்தால் கம்பி சூடேறி அறுந்துபோகும். செயற்கை நார்க் கயிறு பெயின்ட்டுக்கு இரும்புக் கம்பியைவிட இதமானது. ஆனால் அதைச் சுருட்டி இழுக்க மட்டுமே வேண்டும், ரம்பம்போல் முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது.

கம்பி ஓரிடத்தில் அசையாமல் நின்றால் பலத்தைக் கூட்டாதீர்கள். சில கண்ணாடிகளில் இடம் குறிப்பதற்கான பிளாஸ்டிக் முளைகள் உண்டு. கம்பி அதில் சிக்கியிருக்கலாம். பின்பக்க ஓர ஜன்னல் கண்ணாடிகளிலும் கவனம் தேவை: முன்கண்ணாடி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் உள்ளதால் விரிசல் விட்டாலும் சேர்ந்தே நிற்கும், அவையோ பெரும்பாலும் கடினமாக்கப்பட்ட ஒற்றைக் கண்ணாடி என்பதால், கத்தி ஓரத்தில் பட்டாலே முழுவதும் பொடிப்பொடியாகிவிடும்.

சுற்றிலும் அறுபட்டதை உள்ளிருந்து மெல்லத் தள்ளிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பின், இருவர் உறிஞ்சு கிண்ணங்களால் கண்ணாடியைத் தூக்க வேண்டும். தகட்டில் எஞ்சிய பழைய பசையை முழுவதுமாகச் சுரண்டிவிடுவது தவறு. உறுதியாக ஒட்டியிருக்கும் பசையை 1 முதல் 2 மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவி அப்படியே விட்டால், புதிய பசை அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். இந்தச் சீவலைப் புதுக் கண்ணாடி பொருத்துவதற்குச் சற்று முன்பு செய்து, பிறகு அதில் கை படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தகட்டில் கீறல் ஏதேனும் தெரிந்தால், பசை தயாரிப்பாளர் சொல்லும் பிரைமரைத் தடவி, அது காய்வதற்குக் குறிப்பிட்டிருக்கும் நேரம் முழுவதும் பொறுத்திருந்த பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.