படர்தாமரை: மெடிக்கலில் டியூப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

தொடை இடுக்கில் அரிப்பு என்றால் வீட்டில்கூடச் சொல்ல மாட்டோம். தெருமுனை மெடிக்கலில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, "அண்ணே, அரிப்புக்கு ஒரு டியூப்" என்று பாதிக் குரலில் கேட்டு, அவர் எடுத்துக் கொடுத்ததை வாங்கி வந்து பூசுவோம். நானும் அப்படித்தான் செய்தேன். மூன்றே நாளில் அரிப்பு நின்றது, சிவப்பு அடங்கியது, அடடா என்ன மருந்து என்று நினைத்தேன். டியூபை நிறுத்திய பத்தாம் நாள் திரும்ப வந்தது, இந்த முறை இடுப்பு வரைக்கும். மறுபடி டியூப், மறுபடி நிம்மதி, மறுபடி அரிப்பு. இப்படியே எட்டு மாதம் ஓடிய பிறகுதான் தோல் டாக்டரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன டியூப் போட்டீங்க?" எனக்குப் பெயர் தெரியவில்லை. டியூப் பச்சை நிறம் என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்கு அந்த எட்டு மாதம் வேண்டாம். வரிசையாகப் போவோம்.

1. முதலில் அது படர்தாமரைதானா என்று பாருங்கள்

வட்டமாக இருக்கும். ஓரம் மட்டும் சற்றுத் தடித்து, செதில் உதிர்ந்து, நடுப்பகுதி தெளிந்து போயிருக்கும். நாளாக நாளாக வட்டம் வெளிப்பக்கமாக விரியும், வியர்த்தால் அரிப்பு கூடும். புத்தகத்தில் சிவப்பு வட்டம் என்று போட்டிருப்பார்கள், நம் நிறத்துக்கு அது பெரும்பாலும் பழுப்பாகவோ கருப்பாகவோதான் தெரியும், அதனால் நிறத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பாருங்கள். தொடை இடுக்கு, பிட்டம், இடுப்பைச் சுற்றி, அக்குள், மார்பகத்தின் அடி என்று வியர்வை தங்கும் இடமெல்லாம் இதற்குப் பிடித்த இடம். சில ஊர்களில் வண்டுகடி என்பார்கள், ஆனால் வண்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தோலின் மேலடுக்கில் இருக்கும் கெரட்டின் என்ற புரதத்தைத் தின்று வாழும் பூஞ்சை இது.

தேமல் வேறு. அது முதுகிலும் மார்பிலும் வெளிறியோ பழுப்பாகவோ திட்டுத் திட்டாக, லேசாகச் சுரண்டினால் மாவு போல உதிரும், அரிப்பு அவ்வளவாக இருக்காது. விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொரிப் பொரியாக வந்து, இரவில் அரிப்பு உயிரை எடுத்து, வீட்டில் இன்னும் இரண்டு பேர் சொறிந்துகொண்டிருந்தால் அது சிரங்காக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. இன்னொன்று முக்கியம்: வெளிறிய அல்லது சிவந்த திட்டில் தொட்டால் உணர்ச்சி இல்லை என்றால் எந்த டியூபும் வாங்காமல் நேராக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொழுநோயாக இருக்கலாம், மருந்து இலவசம், முழுதாகக் குணமாகும்.

2. கையில் இருக்கும் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயர் உதவாது. உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்த டியூப். படர்தாமரைக்குப் பூசாதீர்கள். குளோட்ரிமசோல், லூலிகோனசோல், கீட்டோகோனசோல், டெர்பினாஃபின் போன்றவை பூஞ்சைக்கான மருந்துகள். இதில் ஒரு குழப்பம் வரும், கவனியுங்கள்: குளோட்ரிமசோலும் குளோபெட்டாசாலும் காதில் அண்ணன் தம்பி மாதிரி கேட்கும். முதலாவது பூஞ்சையைக் கொல்லும், இரண்டாவது அதற்குச் சோறு போடாத குறையாக வளர்த்துவிடும். போதாக்குறைக்கு இரண்டையும், கூடவே ஒரு ஆன்டிபயாடிக்கையும் ஒரே டியூபில் கலந்து விற்பதும் உண்டு. "எல்லாத்துக்கும் கேக்கும்" என்று கடையில் நீட்டுவது பெரும்பாலும் இந்தக் கலவைதான்.

ஸ்டீராய்டு பூசினால் ஏன் உடனே நன்றாகிறது? அரிப்பும் தடிப்பும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டையால் வருபவை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். சத்தம் ஓயும், திருடன் உள்ளேயே இருப்பான். வட்ட வடிவம் கலைந்து, பார்த்தால் டாக்டருக்கே சந்தேகம் வரும் அளவுக்கு உருமாறிப் பரவும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, தொடை இடுக்கில் பிரசவத் தழும்பு போலக் கோடுகள் விழும், அவை அழியாது. எனக்கு இடது தொடையில் நான்கு கோடுகள் இருக்கின்றன. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி, கடை வழக்கம் எப்படி என்று உங்களுக்கே தெரியும்.

ஏற்கெனவே பல மாதம் பூசியவர்கள் திடீரென்று நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் சில நாள் கூடும். பயந்து பழைய டியூபுக்குத் திரும்பாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

3. பூசும் கணக்கு

புதிதாக வந்த, ஒன்றிரண்டு வட்டம் மட்டுமே உள்ள படர்தாமரைக்கு பூஞ்சை மருந்து மட்டும் உள்ள கிரீம் போதும். குளோட்ரிமசோல் 1 சதவீதம் என்றால் காலையும் இரவும், லூலிகோனசோல் என்றால் ஒரு வேளை. குளித்து, ஈரம் முழுக்கத் துவட்டிய பிறகு பூசுங்கள். வட்டத்தின் மேல் மட்டும் பூசினால் போதாது, ஓரத்தைத் தாண்டி 2 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு விரல் அகலம் வெளியிலும் பூச வேண்டும். வெளியிலிருந்து உள்நோக்கித் தடவுங்கள். பிறகு கையைக் கழுவுங்கள்.

எவ்வளவு எடுப்பது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம் வரும், அது விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். இப்போது கணக்குப் போடுங்கள். இரண்டு தொடையும் சேர்த்து நான்கு உள்ளங்கை அளவு என்றால் ஒரு வேளைக்கு 1 கிராம், இரண்டு வேளைக்கு 2 கிராம், 15 கிராம் டியூப் ஒரு வாரத்தில் காலி. ஒரே டியூபை ஒரு மாதம் ஓட்டினேன் என்று சொல்பவர் மருந்தைப் பூசவில்லை, காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

அரிப்பு நின்றதும் நிறுத்துவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. தோல் பழையபடி ஆன பிறகும் இரண்டு வாரம் பூச வேண்டும், மொத்தம் ஒரு மாதமாவது ஆகும். கருமை மட்டும் கொஞ்ச நாள் தங்கும், அதற்காக மருந்தை நீட்ட வேண்டியதில்லை.

பூண்டு, எலுமிச்சை, தரை துடைக்கும் கிருமிநாசினி இதெல்லாம் அங்கே வேண்டாம். பூண்டை அரைத்து வைத்துக் கட்டி, கொப்புளம் போட்டு, படர்தாமரையோடு தீப்புண்ணையும் சேர்த்து வாங்கியவர்கள் உண்டு. சீமை அகத்தி பல தலைமுறையாகப் புழக்கத்தில் உள்ளது, அதன் இலையில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் இருப்பதும் உண்மை, ஆனால் பரவிவிட்ட நோய்க்கு அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம்.

4. துணியும் அரைஞாண் கயிறும்

மருந்து பாதி, இது பாதி. சொல்லப்போனால் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு இதுதான் முக்கால்வாசி.

அரைஞாண் கயிறு எப்போதும் ஈரத்தோடு இடுப்பிலேயே உரசிக்கொண்டிருக்கும், அதில் பூஞ்சை சுகமாகத் தங்கும். கழற்றுங்கள். வீட்டில் அம்மாவோ பாட்டியோ ஒத்துக்கொள்ளவில்லை என்றால் குணமாகும் வரைக்குமாவது என்று பேசிப் பாருங்கள், நான் அப்படித்தான் தப்பித்தேன். கையில் மாதக்கணக்கில் கிடக்கும் சாமிக் கயிறுக்கும் இதே நியாயம்தான்.

துண்டு ஆளுக்கு ஒன்று. சோப்பும் தனி. உள்ளாடை தினமும் மாற்ற வேண்டும், அரை ஈரமாக இருப்பதைப் போடவே கூடாது. நோய் உள்ளவர் துணியைத் தனியாகச் சுடுதண்ணீரில், முடிந்தால் 60 டிகிரியில், துவைத்து, உட்புறம் வெளியே வரும்படித் திருப்பி வெயிலில் காயப் போடுங்கள். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது என்றால், இஸ்திரிப் பெட்டி இருக்கிறது, தையல் ஓரங்களில் நன்றாக அழுத்தித் தேயுங்கள். மே மாதத்தில் இறுக்கமான ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு பைக்கில் ஒரு மணி நேரம் போவது பூஞ்சைக்கு நாமே கட்டிக் கொடுக்கும் வீடு. தளர்ந்த பருத்தி பேண்ட், வீட்டுக்கு வந்ததும் லுங்கி.

வீட்டில் வேறு யாருக்காவது இருந்தால் எல்லாரும் ஒரே சமயத்தில் மருந்து எடுக்க வேண்டும். கணவர் பூசி, மனைவி வெட்கத்தில் மறைத்தால் இருவருக்கும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.

5. எப்போது டாக்டர்?

பல இடங்களில் பரவியிருந்தால், முகத்திலோ நகத்திலோ வந்திருந்தால், கர்ப்பிணி என்றால், இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பூசியும் குறையவில்லை என்றால் உடனே. குழந்தையின் தலையில் வந்து முடி கொட்டினால் அதற்குக் கிரீம் வேலை செய்யாது, மாத்திரைதான். அடிக்கடி வருகிறவர்கள் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். முன்பு டெர்பினாஃபினில் எளிதாக அடங்கிய நோய் இப்போது நம் நாட்டில் பலருக்கு அடங்குவதில்லை, அந்த மருந்துக்கு மசியாத ஒரு பூஞ்சை பரவியிருக்கிறது. 2020-ல் ஜப்பான் ஆய்வாளர்கள் அதற்கு வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: டிரைகோஃபைட்டான் இண்டோடினியே. இட்ராகோனசோல் கொடுப்பார்கள், ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது, கொலஸ்ட்ரால் மாத்திரைகள் சிலவற்றோடும் சேராது, அதனால் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

சந்தேகம் இருந்தால் செதிலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், வலிக்காது. போகும்போது இதுவரை பூசிய டியூப்களை எல்லாம், காலியானதையும் சேர்த்து, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். இரண்டாம் முறை போனபோது நானும் கொண்டு போனேன். டாக்டர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்து மேசையில் இரண்டு பக்கமாகப் பிரித்து வைத்தார். மொத்தம் ஐந்து. நான்கில் குளோபெட்டாசால்.