சபையில் மின்சாரச் சிக்கனம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆளில்லாத இடத்தில் ஃபேனை நிறுத்த வேண்டும், குண்டு பல்பை மாற்ற வேண்டும் என்பதெல்லாம் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கே தெரியும். ஜூன் 5-ஐ ஒட்டிச் சுற்றுச்சூழல் ஞாயிறு, செப்டம்பர் 1 முதல் அக்டோபர் 4 வரை படைப்பின் காலம் என்று ஆராதனை நடத்திய கையோடு, கமிட்டியில் பணம் ஒதுக்கி வேலையில் இறங்கும் சபைகள் சறுக்கும் இடங்கள் வேறு.

ஆலயத்துக்குள் இருந்து ஆரம்பிப்பது

இதுதான் பெரிய தவறு. நல்ல மனதோடு, ஜெபத்தோடு, லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்யப்படுகிற தவறு என்பதால் பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

நடப்பது இப்படித்தான். "படைப்பைக் காப்போம்" என்று பிரசங்கம் முடிந்ததும் எல்லார் கண்ணும் மேலே போகிறது. நாற்பது பழைய ஃபேன். உடனே குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பிஎல்டிசி (BLDC) ஃபேன் நாற்பதுக்கு அன்பளிப்பு கேட்கிறார்கள். நினைவாகக் கொடுப்பவர்களும் சளைக்காமல் வருவார்கள், பெயரை ஃபேனிலேயே எழுதலாம் அல்லவா? பிரதிஷ்டை ஜெபமும் நடந்துவிடும். அடுத்த பில் வரும்போதுதான் பொருளாளர் கையைப் பிசைவார்.

கணக்கைப் பார்ப்போம். பழைய ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி 30 வாட். மிச்சம் 45 வாட். ஞாயிறு ஆராதனை, வாரநாள் ஜெபக்கூட்டம் எல்லாம் சேர்த்து ஆலயத்து ஃபேன் வாரத்துக்கு ஆறு மணி நேரம் சுற்றினால், ஒரு ஃபேனில் வருஷத்துக்கு மிச்சமாவது 14 யூனிட். நாற்பதுக்கும் 560.

அதே காம்பவுண்டில் இருக்கும் விடுதியில் ஒரு ஃபேன் தினமும் 12 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் சுற்றுகிறது. அங்கே ஒரே ஃபேனில் 162 யூனிட் மிச்சம். விடுதியில் நாலு ஃபேன் மாற்றினால் ஆலயத்தின் நாற்பதையும் தாண்டிவிடும். அதையும் விடுங்கள். கேட்டுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க எரியும் 250 வாட் மெட்டல் ஹேலைடு விளக்கு ஒன்று, 11 மணி நேரக் கணக்கில், வருஷத்துக்கு 1,000 யூனிட் தின்கிறது. அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, அதற்கு அன்பளிப்பாளரும் கிடையாது.

மின்சாரம் என்பது வாட்டை மணி நேரத்தால் பெருக்கியது. கமிட்டிகள் வாட்டை மட்டும் பார்க்கின்றன. ஆதியாகமம் 2:15 தோட்டம் முழுவதையும் பண்படுத்தவும் காக்கவும்தான் மனிதனை வைக்கிறது; காம்பவுண்டில் ஆலயக் கட்டிடத்தை மட்டும் கவனிப்பது அந்த வசனத்துக்கும் பொருந்தாது.

செய்ய வேண்டியது எளிது. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்கிறது லூக்கா 14:28. நீங்கள் மீட்டர் முன் நில்லுங்கள். ஞாயிறு காலை முதல் மணி அடிக்கும் முன் ஒரு ரீடிங், ஆராதனை முடிந்து பூட்டும்போது ஒன்று, அடுத்த ஞாயிறு காலை ஒன்று. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஹெச் (kWh, அதாவது யூனிட்) என்று காட்டும் எண்ணை மட்டும் குறியுங்கள். நாலு வாரம் குறித்தால் ஆராதனைக்கு எவ்வளவு, மற்ற ஆறு நாளில் எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆறு நாள் எண் பெரிதாக இருந்தால் வெளி விளக்கு, போர்வெல் மோட்டார், அணைக்காத ஆம்ப்ளிஃபயர் என்று வரிசையாகத் தேடுங்கள். குருமனை (போதகர் வீடு), பள்ளி, விடுதிக்குத் தனி மீட்டர் இருக்கும். அவற்றையும் அதே வாரங்களில் குறியுங்கள். அதற்குப் பிறகு கமிட்டியைக் கூட்டலாம்.

அன்பளிப்பாளர் மனம் கோணுவாரே என்றால், விடுதிச் சுவரிலும் பெயர்ப் பலகை மாட்ட இடம் இருக்கிறது.

பிஎல்டிசி ஃபேனைப் பழைய ரெகுலேட்டரில் மாட்டுவது

பழைய ரெகுலேட்டர் வழியே கரன்ட் போனால் ஃபேனின் உள் சர்க்கியூட் கெட்டுப்போகலாம். ரெகுலேட்டரைக் கழற்றி, சுவிட்சிலிருந்து நேர் இணைப்புக் கொடுக்க வேண்டும். உயரமான கூரையில் ரிமோட் சரியாக எட்டாது. எட்டினாலும் ஒன்றை அமுக்கினால் பக்கத்து மூன்றும் வேகம் மாறும். பெரிய ஹாலுக்குச் சுவர் சுவிட்சிலேயே வேகம் மாற்றும் மாடலைக் கேட்டு வாங்குங்கள்.

பெயரில்லாத சுவிட்ச் போர்டு

இருபது சுவிட்சில் எது எந்த வரிசை என்று தெரியாத கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்), முதல் மணிக்கே எல்லாவற்றையும் தட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒவ்வொன்றுக்கும் "இடது 1–3", "பீடம்", "கேலரி" என்று ஸ்டிக்கர் ஒட்டுங்கள். முதல் மணிக்குப் பீடம், இரண்டாம் மணிக்கு முன்வரிசை, கூட்டம் நிறைய நிறைய மற்றவை. ஒரே சுவிட்சில் எட்டு ஃபேன் இருந்தால் எலக்ட்ரீஷியனை வைத்துப் பிரித்துவிடுங்கள். அந்தக் கூலி வீணாகாது.

சோலார்

மீட்டர் கணக்கு முடியாமல் பேச்சே வேண்டாம். ஆலய இணைப்பில் பொருத்திய பேனல் பள்ளியின் பில்லைத் தானாகக் குறைக்காது. கோபுர நிழல் ஒரு பேனலில் விழுந்தால் அதோடு தொடராக இணைத்த வரிசையே மந்தமாகும்.

ஏசி

24 டிகிரி. கதவைச் சாத்துங்கள்.

கிறிஸ்துமஸ் ஸ்டார்

டிசம்பர் 1-ல் தொங்கவிட்டு ஜனவரி 6 வரை ராத்திரி 12 மணி நேரம் எரியவிட்டால், 60 வாட் குண்டு பல்பு சுமார் 26 யூனிட் எடுக்கும். 5 வாட் எல்இடி இரண்டு யூனிட்டோடு நிற்கும். குண்டு பல்பின் சூட்டில் காகிதம் பழுத்து, பல்பு படும் மடிப்பில் கருகும். எல்இடியில் அந்த வேலை இல்லை. டிசம்பர் மழையில் ஒயர் வழியாகத் தண்ணீர் ஹோல்டருக்குள் இறங்கும். ஹோல்டருக்கு மேலே ஒயரை ஒரு சுற்றுத் தொங்கலாக விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.