ஹெவி மெட்டலுக்குள் நுழைய நாலு ஆவணப்படங்கள்

ராக் இசையின் இரைச்சலான வகையான ஹெவி மெட்டலை நேரடியாகப் பாட்டிலிருந்து தொடங்கினால் இரண்டாவது நிமிடத்தில் ஹெட்போனைக் கழற்றிவிடுவோம். நான் அப்படிக் கழற்றியவன்தான். ஆட்களைப் பார்த்த பிறகுதான் இசை காதில் ஏறியது. அதனால் இந்த வரிசை.

1. முதலில் ரசிகர்கள். ‘ஹெவி மெட்டல் பார்க்கிங் லாட்’ கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல்தான். 1986 மே மாதம், அமெரிக்காவின் மேரிலாந்தில் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவின் கச்சேரிக்கு முன்னால், அரங்கத்துக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் எடுத்தது. சட்டை இல்லாமல், குடித்துவிட்டு, காமிராவைப் பார்த்துக் கத்துகிறார்கள். மேடையைக் காட்டுவதே இல்லை. சிரித்துக்கொண்டே பாருங்கள், போதும்.

2. அப்புறம் வரைபடம். ‘மெட்டல்: எ ஹெட்பேங்கர்ஸ் ஜர்னி’ (2005). இயக்கியவர்களில் ஒருவரான சாம் டன், மானுடவியல் படித்த கனடா நாட்டு ரசிகர். இதை ஒரே மூச்சில் பார்க்க வேண்டாம். மெட்டலின் கிளைகளை மரம்போல வரைந்து காட்டும் இடத்தில் நிறுத்தி, நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மெட்டல் ரசிகர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் நீட்டும் அந்த முத்திரை சாத்தானுக்கு வணக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். படத்தில் பேசும் மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோவோ, தன் இத்தாலியப் பாட்டி கண்திருஷ்டிக்குக் காட்டியது என்கிறார். அட, நம் பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம்!

பிளாக் சாபத் குழுவின், 1970இல் வந்த முதல் ஆல்பத்தையும் இப்போதே கேட்டுவிடுங்கள். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் பர்மிங்காம் தொழிற்சாலை ஒன்றில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கித் தானே விரல் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய தந்திகளுக்கு மாறினார். பிறகு தந்திகளைத் தளர்த்தவும் சுருதி இறங்கியது. மெட்டலின் அந்தக் கனத்த ஒலியில் இந்த விபத்துக்கும் பங்கு உண்டு.

3. இனி ஒரே ஒரு குழு. ‘ஆன்வில்’ (2008) படத்தில், அதே பெயருள்ள மெட்டல் குழுவோடு 1984இல் ஜப்பானில் பெரிய மேடை ஏறிய பாடகர், பின்னாளில் டொரன்டோவில் பள்ளிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார். மெட்டல் பிடிக்காத என் நண்பனே இதற்குக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முடிவைச் சொல்லமாட்டேன்.

4. நார்வேயின் பிளாக் மெட்டல் (மெட்டலின் இருண்ட கிளை ஒன்று) பற்றிய ‘அண்டில் தி லைட் டேக்ஸ் அஸ்’ கடைசியில் இருக்கட்டும். 1990களில் அங்கே தேவாலயங்களை எரித்தார்கள், கொலையும் நடந்தது. சம்பந்தப்பட்டவர்களைப் பேச விட்டு, குறுக்குக் கேள்வி கேட்காமல் படம் நகர்கிறது. அதில் எனக்கு உடன்பாடில்லை. இதை முதலில் பார்த்தவர்கள் பார்க்கிங் லாட் பையன்களையும் கொளுத்த வந்தவர்கள் என்றே நினைப்பார்கள்.