வெப்கேமில் படம் தாவித்தாவி வந்தது: நான் சரிசெய்த விதம்

அம்மா வீணை வாசிப்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. டெபியன் லினக்ஸ் இயங்குதளம் உள்ள கணினியில் யுஎஸ்பி வெப்கேமைச் செருகியதும் படம் வந்துவிட்டது. ஆனால் 1280×720 அளவில் விரல்கள் தந்தியில் நகர்வதே தெரியவில்லை. வீணைத் தண்டின் மேலுள்ள ஒரு மெட்டுக்கட்டையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவின. நொடிக்கு 10 பிரேம்தான், அதாவது 10 தனிப்படங்கள்தான்.

கேமராவை இயக்கும் மென்பொருளான டிரைவரில் கோளாறு என்று நினைத்து ஒரு மாலை முழுக்கப் போனது. அப்புறம்தான் டெர்மினலில் வி4எல்2-சிடிஎல் கட்டளையால் கேமரா தரும் வடிவங்களை, அதாவது அது படத்தை அனுப்பும் முறைகளைப் பட்டியலிட்டுப் பார்த்தேன். விடை அங்கேயே இருந்தது. அந்த அளவுக்கு ஒய்யுஒய்வி வடிவில் 10 பிரேம், எம்ஜேபிஜி வடிவில் 30. சுருக்காத ஒய்யுஒய்வி படம் 30 பிரேமில் வந்தால் நொடிக்குச் சுமார் 55 மெகாபைட் ஆகும், கேமராவின் யுஎஸ்பி 2.0 இணைப்பு அதைத் தாங்காது. எம்ஜேபிஜியில் கேமராவே படத்தைச் சுருக்கி அனுப்பிவிடும்.

ஜியுவிசிவியூ செயலியில் வடிவத்தை மாற்றினேன். பகலில் சரி, இரவில் மறுபடி 15க்கு இறங்கியது. வெளிச்சம் குறைந்தால் பிரேமைக் குறைக்கும் ‘எக்ஸ்போஷர், டைனமிக் பிரேம்ரேட்’ அமைப்பை அணைத்தேன். படம் கொஞ்சம் இருண்டது. அம்மா பக்கத்தில் ஒரு மேசை விளக்கை வைத்தேன். இப்போது கமகத்துக்குத் தந்தியை இழுக்கும்போது அது வளைவதுகூடத் தெரிகிறது.