டார்ஜிலிங் போகிறவர்கள் செய்யும் தவறுகள்: கைக்கடிகாரம் முதல் தேயிலைப் பொட்டலம் வரை

"மூணு நாள் இருந்தும் பனிமலை கண்ணுல படலை, ராத்திரி சாப்பிடக் கடையும் இல்லை." டார்ஜிலிங்கிலிருந்து திரும்பும் பலர் இப்படிச் சலித்துக்கொள்வார்கள். குறை பெரும்பாலும் ஊரில் இல்லை, அவர்கள் கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தில் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. டார்ஜிலிங் இருப்பதோ 88 டிகிரியையும் தாண்டி. அதனால் அங்கே பொழுது கடிகாரத்தைவிட ஏறக்குறைய 23 நிமிடம் முந்தி ஓடுகிறது. ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். கடை, சமையல்கட்டு, ஜீப் எல்லாம் அந்தப் பொழுதை ஒட்டித்தான் நடக்கின்றன.

மலை தெரிவதும் அப்படித்தான். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சூடாகி மேலெழும்பி மேகமாகத் திரளும். காலை ஆறு மணிக்குப் பளிச்சென்று நின்ற கஞ்சன்ஜங்கா பத்து மணிக்குக் காணாமல் போயிருக்கும். ஒன்பதரைக்கு இட்லி மாதிரி ஏதாவது தேடிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறவருக்கு வெள்ளைப் புகைதான் மிச்சம்.

"ஊட்டி பார்த்தவங்கதானே" என்ற நினைப்பு

உயரத்தில் ஊட்டிதான் பெரியது. ஊட்டி 2,240 மீட்டர், டார்ஜிலிங் 2,042 மீட்டர். ஆனால் ஊட்டி இருப்பது 11 டிகிரி வடக்கில், டார்ஜிலிங் 27 டிகிரியில். குளிர்காலம் என்றால் அங்கே நிஜக் குளிர்காலம். ஜனவரி இரவுகளில் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி வரை இறங்கும். பெரும்பாலான விடுதி அறைகளில் சூடேற்றும் வசதி கிடையாது. ஹீட்டர் கேட்டால் தனிக் கட்டணம். அறை பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு தடித்த ஸ்வெட்டரை எடுத்துப் போவதும் தவறு. ஊர் முழுக்கப் படிக்கட்டும் ஏற்றமும்தான். ஏறும்போது வியர்க்கும், நின்றதும் அந்த ஈரம் உடம்போடு ஒட்டிக் குளிரும். உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் தூறலும் புகாத ஜாக்கெட் என்று மூன்று அடுக்காக இருந்தால் கழற்றி மாட்டலாம். மூடுபனியில் துணி காயவே காயாது. காலுறை மட்டும் தினம் ஒரு ஜோடி என்று கணக்கு வையுங்கள்.

காலாண்டு விடுமுறை, முழுஆண்டு விடுமுறை

பள்ளி விடுமுறையைப் பார்த்து டிக்கெட் போடுவது நம் வழக்கம். இமயமலைக்கு அது ஒத்துவராது. மே மாதத்தில் சமவெளியின் தூசு மேலே வந்து சிகரத்தை மங்கலாக்கும், பிற்பகலில் மழை, அதோடு கொல்கத்தாவே மேலே ஏறி வந்ததுபோல் கூட்டம். செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம் என்பது இன்னும் மோசம். பருவமழை அப்போது முழுதாக விலகியிருக்காது. 2025 அக்டோபர் 4, 5 தேதிகளில் பெய்த பேய்மழையில் மிரிக் பக்கம் மலை சரிந்து பலர் இறந்தார்கள், துதியா பாலம் உடைந்தது, சாலைகள் அறுந்தன. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமில் பனி ஏரி உடைந்து தீஸ்தா ஆறு பெருக்கெடுத்ததும் இதே வாரத்தில்தான். துர்கா பூஜைக் கூட்டமும் அதையொட்டியே வரும்.

தீபாவளி கழிந்து டிசம்பர் நடுப்பகுதி வரை உள்ள நாட்கள்தான் சிகரம் பார்க்க ஏற்றவை. பூக்கள் வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல். இரண்டும் ஒரே பயணத்தில் கிடைக்காது.

இருட்டிய பிறகு மலை ஏறுவது

நியூ ஜல்பாய்குரி ஸ்டேஷனிலிருந்தோ பாக்டோக்ரா விமான நிலையத்திலிருந்தோ மேலே போக மூன்று முதல் நான்கு மணி நேரம் ஆகும். குர்சியாங் வழியாகப் போகும் பழைய ஹில் கார்ட் ரோடு, ரோஹிணி ரோடு, பங்காபாரி ரோடு என்று ஏறும் வழிகள் உண்டு. பங்காபாரி குறுக்குவழிதான், ஆனால் செங்குத்து, கொண்டை ஊசி வளைவுகள். வாந்தி வரும் குழந்தை கூட இருந்தால் ரோஹிணி வழியாகப் போகச் சொல்லி டிரைவரிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். வாந்தி மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முன்பே போட வேண்டும், தலை சுற்றத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை.

தெற்கிலிருந்து வரும் ரயில்கள் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகின்றன. சில மணி நேரத் தாமதம் சகஜம். மாலை நான்குக்கு மேல் இறங்க நேர்ந்தால் அன்றிரவு சிலிகுரியில் தங்கிவிடுவதே நல்லது. இருட்டிலும் மூடுபனியிலும் ஏறினால் வழியில் எதையும் பார்க்கவும் முடியாது, ஷேர் ஜீப்பும் கிடைக்காது, தனி வண்டிக்காரர் கேட்டதைக் கொடுக்க வேண்டிவரும். ஷேர் ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் இருவர், நடுவில் நால்வர், பின்னால் நால்வர். மூன்று பேர் போகிறீர்கள் என்றால் நடு வரிசையின் நாலு சீட்டையும் வாங்கிக்கொள்வது முழு வண்டி பிடிப்பதைவிட மிகவும் மலிவு. பின் சீட்டு குலுக்கி எடுத்துவிடும்.

"மாலுக்கு ஐந்து நிமிடம்"

விடுதிக்காரர்கள் இப்படித்தான் சொல்வார்கள். மால் என்பது கடைத்தொகுதி அல்ல, சௌரஸ்தா என்ற சதுக்கப் பகுதி. அங்கே வண்டி போகாது. ஊர் ஒரு மலை முகட்டில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்டது. வரைபடத்தில் 200 மீட்டர் தூரத்தில் தெரியும் விடுதி உண்மையில் 150 படிக்குக் கீழே இருக்கலாம். பெரியவர்களோடு போகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி தூரத்தைப் பற்றியது அல்ல: "வண்டி வாசல் வரை வருமா, மாலுக்கு ஏற்றமா இறக்கமா?"

மலை தெரியும் அறை என்று சொல்லிக் கூடுதல் பணம் வாங்குவார்கள். கஞ்சன்ஜங்கா இருப்பது வடக்கில், சற்று மேற்கே சாய்ந்தாற்போல். சன்னல் வடக்கு நோக்கி இல்லையென்றால் தெரிவது தேயிலைச் சரிவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் விஷயமும் சொல்லியாக வேண்டும். ஊருக்குக் குடிநீர் தருவது செஞ்சல் ஏரிகள். பிரிட்டிஷார் காலத்துச் சிற்றூருக்குப் போதுமாயிருந்தவை. இன்று பல விடுதிகள் லாரித் தண்ணீரை விலைக்கு வாங்குகின்றன. காலை முழுக்க ஷவர் திறந்திருக்கும் என்று எண்ண வேண்டாம், ஒரு வாளி வெந்நீர் கிடைத்தால் குளித்துவிடுங்கள்.

டைகர் ஹில்: எல்லோரும் போவதால் போவது

டைகர் ஹில் 2,590 மீட்டர் உயரம், ஊரிலிருந்து 11 கிலோமீட்டர். சூரியன் உதிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கிளம்ப வேண்டும். அதுவே தாமதமாகிவிடும் நாட்களும் உண்டு, ஏனென்றால் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒரே ஒற்றைச் சாலையில் ஏறுகின்றன. வண்டி தூரத்திலேயே நின்றுவிட்டால் கடைசி ஏற்றத்தை இருட்டில் நடந்தே கடக்க நேரும். வண்டிக்கு முன்தினமே கூப்பன் எடுத்தாயிற்றா என்று டிரைவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள்.

அங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லோரும் கிழக்கே சூரியனைப் பார்த்துக்கொண்டு நிற்பது. வேடிக்கை இருப்பது இன்னொரு பக்கம். சூரியன் தலைகாட்டும் முன்பே 8,586 மீட்டர் கஞ்சன்ஜங்காவின் உச்சியில் முதல் வெளிச்சம் விழுந்து சிவப்பு, ஆரஞ்சு, பொன் என்று கீழே வழியும். ஐந்து பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எவரெஸ்டும் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் தொலைவில் ஒரு சிறு கூம்பாக. அதன் பக்கத்திலிருக்கும் மக்காலு சிகரம் நமக்குக் கிட்டே இருப்பதால் அதைவிட உயரமாகத் தெரியும். பலரும் மக்காலுவைப் படமெடுத்து எவரெஸ்ட் என்று அனுப்பிவிடுகிறார்கள்.

முந்தைய இரவு நட்சத்திரம் தெரியவில்லை என்றால் டைகர் ஹில்லை விட்டுவிடுங்கள். சௌரஸ்தாவிலிருந்து அப்சர்வேட்டரி ஹில்லைச் சுற்றிப் போகும் மால் ரோட்டில் பத்து நிமிடம் நடந்தால் அதே மலை, அதே விடியல், காசில்லை, ஹாரன் சத்தமில்லை. முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இதையே சிபாரிசு செய்யலாம்.

ரயில், மிருகக்காட்சி சாலை, "செவன் பாயிண்ட்"

பொம்மை ரயில் 1879-81 காலத்தில் போடப்பட்டது. இரண்டடி அகலப் பாதை, 1999 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். நம் நீலகிரி ரயில் பிற்பாடு 2005இல் அதே பட்டியலில் சேர்ந்தது. நீலகிரியில் ரயில் ஏறுவதற்குப் பல்சக்கரம் உண்டு. இங்கே அது கிடையாது. வளையமடித்தும், முன்னும் பின்னுமாக இசட் வடிவில் ஏறியும் சமாளிக்கிறது.

கீழிருந்து 88 கிலோமீட்டரையும் இதிலேயே போகிறேன் என்று டிக்கெட் எடுப்பது உற்சாகத்தில் செய்யும் தவறு. ஏழு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், ஒரு நாள் போய்விடும். ரயில் பைத்தியம் இல்லாதவர்களுக்கு டார்ஜிலிங்-கூம்-டார்ஜிலிங் ஜாய்ரைடே போதும். சுமார் இரண்டு மணி நேரம், வழியில் பதாசியா லூப்பில் சிறு நிறுத்தம், 2,258 மீட்டரில் இருக்கும் கூம் ஸ்டேஷனில் மியூசியம். ஐஆர்சிடிசியில் தேடும்போது ஏறுமிடம், இறங்குமிடம் இரண்டுமே டார்ஜிலிங் என்றுதான் போட வேண்டும். இது தெரியாமல் கூம் என்று தேடுபவர்கள் டிக்கெட் இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நீராவி எஞ்சின் வேண்டுமென்றால் கூடுதல் விலை. கரித்தூள் சன்னல் வழியே வந்து விழும், வெள்ளைச் சட்டையும் கான்டாக்ட் லென்ஸும் வேண்டாம்.

பத்மஜா நாயுடு மிருகக்காட்சி சாலைக்கு வியாழக்கிழமை விடுமுறை. டென்சிங் நார்கே பயிற்சி இயக்குநராக இருந்த மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அதே வளாகத்துக்குள்தான், ஆகவே அன்று இரண்டும் போச்சு. செம்பாண்டா சுறுசுறுப்பாக இருப்பது காலையில். டாக்சிக்காரர்கள் விற்கும் "செவன் பாயிண்ட்" பட்டியலில் பாதி இடங்கள் பத்து நிமிடப் படமெடுப்புக்கானவை. மிருகக்காட்சி சாலைக்கு மட்டுமே இரண்டு மணி நேரம் வேண்டும். மூன்று இடத்தைத் தேர்ந்தெடுத்து, அதற்கு விலை பேசுங்கள்.

சாப்பாடு

முதலில் ஒன்று: அங்கே தோசை தேடாதீர்கள். அந்தக் குளிரில் மாவு புளிப்பதே பெரும்பாடு.

மோமோ ஆவியோடு சாப்பிட வேண்டிய பண்டம். ஆறினால் மேல்தோல் ரப்பராகிவிடும். படம் எடுத்து முடிப்பதற்குள் ஆறிவிடும். கூட வரும் சிவப்புச் சட்னி 'டல்லே' என்ற உருண்டை மிளகாயில் அரைத்தது. பார்க்கச் செர்ரிப்பழம் மாதிரி இருக்கும், காரம் நம் குண்டு மிளகாய்க்கு அப்பன். நுனி நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

சைவர்கள் ஏமாறுவது மோமோவில் அல்ல, பக்கத்தில் இலவசமாக வரும் தெளிந்த சூப்பில். பெரும்பாலும் அது எலும்பு வேகவைத்த நீர். நூடுல்ஸ் சூப்பான துக்பாவை 'வெஜ் துக்பா' என்று சொன்னாலும் குழம்புநீர் எது என்று கேட்க வேண்டும். ஷாபாலே என்னும் பொரித்த ரொட்டிக்குள் பன்றியோ மாடோ இருக்கும். கேட்டால் ஒளிக்காமல் சொல்வார்கள். கடைக்காரரை நேபாளியில் 'தாய்' என்று அழைக்கலாம். அவர்களுக்கு அது அண்ணன். அக்காவுக்கு 'தீதீ'.

கடினமான சுர்ப்பி கடிப்பதற்கல்ல. உலர்ந்த பால்கட்டியான அதைக் கன்னத்தில் அடக்கி அரை மணி ஊறவைத்தால்தான் இளகும். அவசரப்பட்டால் பல் போகும். தோங்பா நிதானமாக அனுபவித்துக் குடிக்கும் மதுபானம்: மூங்கில் குவளை நிறையப் புளித்த கேழ்வரகு, மேலே வெந்நீர். ஐந்து நிமிடம் பொறுத்து உறிஞ்ச வேண்டும். குழலைக் கலக்கினால் தானியம் அடைத்துக்கொள்ளும். கூழ் மாதிரி சாதுவாக இருக்கிறதே என்று மூன்று முறை வெந்நீர் ஊற்றிக் குடித்தவருக்கு எழும்போதுதான் தெரியும்.

இரவு உணவை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். எட்டு மணிக்கெல்லாம் பல சமையல்கட்டுகள் அணைந்துவிடும். தெரு மோமோ அதற்கு முன்பே தீர்ந்துபோகும்.

தேயிலை

டிசம்பரில் போய்த் தேயிலைத் தொழிற்சாலை பார்க்கக் கேட்டால் ஓசையில்லாத இயந்திரங்களைத்தான் பார்க்க முடியும். குளிரில் செடி துளிர்க்காது. முதல் கொழுந்து மார்ச், ஏப்ரல். இரண்டாவது மே, ஜூன். இலையுதிர்காலக் கொழுந்து அக்டோபர், நவம்பர். கடையில் வாங்கும்போது தோட்டத்தின் பெயர், எந்தக் கொழுந்து, எந்த ஆண்டு, தேயிலை வாரியத்தின் டார்ஜிலிங் முத்திரை நான்கும் பொட்டலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லை தாண்டி வரும் நேபாளத் தேயிலையும் இதே பெயரில் விற்கப்படுகிறது. அரை கிலோ வாங்க வேண்டாம், கடையில் போட்டுக் கொடுப்பதைக் குடித்துப் பார்த்து நூறு கிராம் வாங்குங்கள். டல்லே ஊறுகாயோடு ஒரே பையில் வைத்தால் ஊருக்கு வரும்போது தேயிலையும் ஊறுகாய் மணக்கும்.

"அங்கே குடித்த ருசி வீட்டில் வரவில்லை" என்பதற்குக் காரணம் தண்ணீர். டார்ஜிலிங்கின் உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். சென்னையில் 100 டிகிரி. அந்தக் கொதிநீரை முதல் கொழுந்தின் மேல் நேராக ஊற்றினால் மணம் ஓடிப்போய்க் கசப்பு இறங்கும். கொதித்ததும் அடுப்பை அணைத்து மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் விடுங்கள். 200 மில்லிக்கு இரண்டரை கிராம், அதாவது குவியலாக ஒரு டீஸ்பூன். மூன்று நிமிடம் மூடிவைத்து வடிகட்டுங்கள். நிறம் வெளிறிய பொன்னாகத்தான் வரும். சாயம் போதவில்லை என்று தூளைக் கூட்டிப் பால் ஊற்றப் போகிறீர்கள் என்றால் அதற்கு நீலகிரித் தூளே மேல், விலையும் குறைவு.