பழைய ஜப்பானிய வாள் கைக்கு வந்தால் செய்யக் கூடாதவை

பித்தளை விளக்கில் களிம்பு ஏறியிருந்தால் உடனே புளியைத் தேடும் கை நம்முடையது. பழைய பொருள் என்றால் தேய்த்து மினுக்கிவிட வேண்டும். ஜப்பானிய வாளுக்கு அந்தக் கைதான் முதல் எதிரி. நானூறு ஆண்டுகளாகப் போரையும் தீயையும் தாண்டி வந்த வாளை, வாங்கியவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உப்புத்தாளை வைத்துப் பாழாக்கிவிடுவார். அதுவும் ஆசையாக.

கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் தண்டிலிருந்து தொடங்குவோம். ஜப்பானியர் இதை நாகாகோ என்பார்கள். மேலே அலகு கண்ணாடி போல இருக்க, இது மட்டும் கருத்து, துருவேறிக் கிடக்கும். புதியவர் பார்த்ததும் சுரண்டத் தொடங்குவார். போச்சு! அந்தக் கருந்துருவை வேண்டுமென்றேதான் தலைமுறை தலைமுறையாகத் தொடாமல் விட்டிருக்கிறார்கள். அதன் நிறமும் அடர்த்தியும் வாளின் வயதைச் சொல்லும். அரத்தால் இழுத்த கோடுகள் எந்தச் சாய்வில் ஓடுகின்றன, கைப்பிடியைப் பிணைக்கும் முளை அடிக்க எத்தனை துளை போட்டிருக்கிறார்கள், கொல்லர் வெட்டிய எழுத்தின் பள்ளத்திலும் அதே துரு படிந்திருக்கிறதா என்று நிபுணர் பார்ப்பது எல்லாம் இங்கேதான். சுரண்டிய தண்டு, பக்கம் கிழித்த பத்திரம் மாதிரி. உதிர்கிற செந்துரு இருந்தால் எண்ணெய் தொட்ட துணியால் லேசாக ஒற்றி எடுக்கலாம். அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

அலகில் துரு இருந்தால்? அதற்கும் வீட்டு வைத்தியம் கிடையாது. பித்தளை பாலிஷ், சாணைச் சக்கரம், உப்புத்தாள் எதுவும் ஆகாது. ஜப்பானில் வாள் மெருகேற்றுவது தனித் தொழில். டோகிஷி என்னும் அந்தக் கலைஞர், கொரகொரப்பில் தொடங்கி மிக மிருதுவானது வரை பல கற்களை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் உட்கார்ந்து தேய்ப்பார். அலகின் முகடுகள் மழுங்காமல் அந்த வேலையைச் செய்யக் கற்க ஏறக்குறைய பத்து வருடம் ஆகும். அவர் செய்தாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எஃகு போகத்தான் செய்யும். பல முறை மெருகேற்றிய வாளில் மேல்தோல் தேய்ந்து உள்ளே இருக்கும் மென்மையான எஃகு எட்டிப் பார்க்கும். அந்த வாளுக்கு ‘களைத்துப்போனது’ என்று பெயர். அதனால் எப்போது மெருகேற்றுவது, ஏற்றுவதா வேண்டாமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

வாங்கும்போது நடக்கும் தவறுகளில் பெரியது பெயரை நம்புவது. 17ஆம் நூற்றாண்டில் எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், நாகசோனே கொதெட்சு என்றொரு கொல்லர் இருந்தார். ஆதியில் கவசம் செய்தவர். அவர் பெயரில் போலிகள் குவிந்ததால், ‘கொதெட்சு என்று கண்டால் போலி என்று நினை’ என்று ஜப்பானில் சொல்வழக்கே உண்டு. நல்ல வாளாகவே இருக்கும், பெயர் மட்டும் பொய்யாக இருக்கும். தலைகீழாகவும் நடக்கும்: பெயரே இல்லாத வாளை மட்டமென்று ஒதுக்கிவிடுவார்கள். குதிரை மேலிருந்து வீசிய நீள வாள்களைப் பிற்காலத்தில் தண்டுப் பக்கம் வெட்டிக் குட்டையாக்கினார்கள். வெட்டிய துண்டோடு கையெழுத்தும் போய்விட்டது. காமாகுரா காலத்து (12 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை) உயர்ந்த வாள்கள் பல இப்படித்தான் பெயரின்றி நிற்கின்றன.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அலகைத்தான். ஒற்றை பல்பு எரியும் இடத்தில் வாளை விளக்கை நோக்கி நீட்டி, வெளிச்சம் அலகின் மேல் வழுக்கி ஓடும்படி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். வெட்டும் விளிம்பை ஒட்டி வெண்மையாக ஒரு அலை ஓடும். ஹமோன். களிமண் பூசிச் சூடேற்றி, தண்ணீரில் முக்கியபோது எஃகிலேயே பிறந்தது அது. விளக்கின் பிரதிபலிப்பு பட்ட இடத்தில் பனிமூட்டம் போலவோ, பொடித்த வெள்ளித் துகள் போலவோ உயிரோடு தெரியும். அமிலம் தடவி வரைந்த பொய் ஹமோன் எந்தக் கோணத்திலும் சுண்ணாம்புப் பட்டை போல ஒரே மாதிரி இருக்கும். இந்த வித்தியாசம் படத்தில் பிடிபடாது. பத்து நல்ல வாளை நேரில் பார்க்காமல் முதல் வாளை வாங்காதீர்கள் என்பேன். டோக்கியோ ரியோகோகுவில் உள்ள வாள் அருங்காட்சியகம் அதற்கென்றே இருக்கிற இடம்.

அதே வெளிச்சத்தில் வெட்டும் விளிம்புக்குக் குறுக்காக மயிரிழை போல விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹகிரே என்னும் இதைச் சரிசெய்யவே முடியாது. சின்னதாக இருக்கிறதே என்று விற்பவர் சமாதானம் சொன்னால், நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

சான்றிதழ் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. 1948இல் தொடங்கிய ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கத்தின் தரச்சீட்டுக்கு மதிப்பு உண்டு. ஆனால் 1982க்கு முந்தைய பழைய சீட்டு என்றால், அதை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் உலகப் போர் ராணுவ வாள்களில் இரண்டு விதமாக ஏமாறலாம். 1930களில் அதிகாரிகளுக்கு வாள் தேவை பெருகியபோது பட்டறைகள் மொத்தமாகச் செய்து தள்ளின. தண்டில் முத்திரை குத்திய அந்த வாள்களை ‘சாமுராய் வாள்’ என்று விற்பது ஒரு ஏமாற்று. இன்னொன்று நாமே ஏமாறுவது: ராணுவ உறையைப் பார்த்ததும் உள்ளே இருப்பதும் பட்டறைச் சரக்குதான் என்று தள்ளிவிடுவது. குடும்பத்தில் வழிவழியாக வந்த வாளையே ராணுவக் கைப்பிடி மாட்டிப் போருக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. கழற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். உள்ளே பழைய வாளே இருந்தாலும் ராணுவ உறையைத் தூக்கி எறியவும் வேண்டாம்.

உருவும்போது வெட்டும் விளிம்பு மேல்நோக்கி இருக்க வேண்டும். வாளின் முதுகு உறையில் படிந்தபடி, திருகாமல் நேராக இழுங்கள். உறை வாயைச் சுற்றி விரல்களை இறுக்கிப் பிடிக்காதீர்கள். உறை என்பது இரண்டு மரப் பாதிகளைச் சோற்றுப் பசையால் ஒட்டியது. (ஆமாம், சோற்றுப் பசைதான். பிறகு பிரித்துச் சுத்தம் செய்ய வசதியாக.) ஒட்டு விட்டிருந்தால் வெட்டும் விளிம்பு விரலில் இறங்கிவிடும். அலகை விரலால் தொடுவதும், கையில் வைத்துக்கொண்டு அதன்மேல் பேசுவதும் கூடாது. வியர்வையும் எச்சில் துளியும் பட்ட இடத்தில் துரு பூக்கும்.

எண்ணெய் என்றால் சோஜி. சோஜி என்றால் கிராம்பு. அதற்காக நாட்டு மருந்துக் கடையில் பல்வலிக்கு வாங்கும் கிராம்புத் தைலத்தைத் தடவிவிடாதீர்கள். இப்போது விற்கும் சோஜி பெரும்பாலும் கிராம்பு வாசம் சேர்த்த மெல்லிய கனிம எண்ணெய். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் நாள்பட்டால் பிசினாகிவிடும். எதைப் பூசினாலும் கண்ணுக்குத் தெரியாத படலம் போதும். சொட்டச் சொட்டப் பூசினால் உறைக்குள் இறங்கித் தூசியைப் பிடித்து வைக்கும். திரைப்படங்களில் தட்டுவார்களே வெள்ளைப் பொடி உருண்டை, உச்சிகோ, அதுவும் கல் தூள்தான். வாரம் ஒருமுறை தட்டினால் மெருகில் நுண்கீறல் விழும். ஆல்கஹால் தொட்ட மிருதுவான துணியால் பழைய எண்ணெயைத் துடைத்துப் புதிதாகப் பூசினால் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாராளம். புதிதாக மெருகேற்றிய வாளை மட்டும் ஆரம்பத்தில் அடிக்கடி பாருங்கள்.

வைப்பதற்கு ஷிராசாயா என்னும் வெறும் மர உறை நல்லது. தோல் உறை ஈரத்தை இழுக்கும். ஒரு வாளின் உறையில் இன்னொரு வாளைச் செருகினால் துருவும் கீறலும் நிச்சயம்.

வெளிநாட்டில் இருக்கும் வாளை மெருகேற்ற ஜப்பானுக்கு அனுப்ப நினைத்தால், காகித வேலையை முதலில் முடியுங்கள். அங்கே ஒவ்வொரு வாளுக்கும் பதிவுச் சீட்டு வேண்டும், வெளியே கொண்டுவரத் தனி அனுமதி வேண்டும். பாரம்பரிய முறையில் செய்யாத பட்டறை வாளுக்குப் பதிவே கிடையாது. அனுப்பினால் திரும்பி வராது.

கடைசியாக, கைப்பிடியையும் தண்டையும் பிணைக்கும் மூங்கில் முளை, மெகுகி. அது தளர்ந்துவிட்டால் சாப்ஸ்டிக்கைச் சீவிச் செருகுபவர்கள் இருக்கிறார்கள், ஆணி அடிப்பவர்களும் இருக்கிறார்கள். மென்மரம் முறிந்துபோகும், ஆணி தண்டின் துளையை அரித்துவிடும். நன்றாக முற்றிக் காய்ந்த மூங்கிலில் ஒரு முளை செதுக்கிப் போடுங்கள். போட்ட பிறகு வாளை லேசாக ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று சத்தம் வரக் கூடாது.