தரைவீட்டுக் கொல்லையில் முதல் புகையடுப்பு: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஸ்மோக்கர், அதாவது இறைச்சியை மிதமான சூட்டில் மணிக்கணக்கில் புகைபோட்டு வேகவைக்கும் அடுப்பு, வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள். வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்திலும் கொண்டோ என்னும் தனியார் அடுக்குமாடி பால்கனியிலும் கரி மூட்டும் எண்ணமே வேண்டாம். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ் பூங்காக்களில் முன்பதிவு செய்து எடுக்கும் பார்பிகியூ அடுப்புகள் திறந்தவை. அவற்றில் கோழி வாட்டலாம், மணிக்கணக்கில் புகை போட முடியாது. கொல்லையுள்ள தரைவீட்டில் வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

பக்கவாட்டில் விறகு எரிய தனி அறை வைத்த பெரிய ஆஃப்செட் அடுப்பு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது பிளந்த விறகை மணிக்கொரு முறை கேட்கும்; இந்த ஊரில் நல்ல காய்ந்த விறகு மலிவாகக் கிடைக்காது. பழைய 200 லிட்டர் பீப்பாயில் செய்வதென்றால், முன்பு அதில் என்ன இருந்தது என்பது உறுதியாகத் தெரிய வேண்டும், உள்பூச்சையும் முழுக்க எரித்து நீக்க வேண்டும். முதல் அடுப்புக்கு 57 சென்டிமீட்டர் கெட்டில் கிரில்லே, அதாவது மூடி போட்ட உருண்டைக் கரியடுப்பே போதும். தேவைப்பட்டால் பின்னால் மாற்றலாம்.

இறைச்சி வைக்கும் முன் வெறும் கரியில் ஒரு மணி நேரம் நன்றாகச் சூடேற்றுங்கள். தொழிற்சாலை எண்ணெய் எரிந்துபோகும். அப்போதே மூடியைச் சுற்றிக் கவனியுங்கள்: மேல் துளையைத் தவிர வேறு எங்கே புகை கசிகிறதோ, அங்கே காற்றும் நுழையும். அந்தக் கசிவு இருக்கும்வரை கீழ்த் துளையை எவ்வளவு மூடினாலும் சூடு இறங்காது. வெப்பம் தாங்கும் கேஸ்கெட் நாடாவை மூடியின் உள்விளிம்பில் ஒட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்த மாற்றம் தெர்மாமீட்டர். மூடியில் இருப்பது மேலே உள்ள காற்றின் சூட்டைக் காட்டும். இறைச்சி கிடக்கும் கம்பித் தட்டில் 20 டிகிரி வரை வித்தியாசம் இருக்கலாம். இரண்டு முனையுள்ள டிஜிட்டல் கருவி வாங்கி, கொதிக்கும் நீரில் 100 டிகிரி செல்சியஸ் காட்டுகிறதா என்று சோதியுங்கள். கருவியின் கம்பியை மூடிக்கடியில் நசுக்காமல், தட்டு உயரத்தில் துளை போட்டு நுழைத்துவிடுங்கள். துளையிடும் இடத்தில் டேப் ஒட்டி, சிறிய டிரில் பிட்டில் மெதுவாகத் தொடங்கினால் எனாமல் சிதறாது. வெட்டுப்பட்ட விளிம்பில் வெப்பம் தாங்கும் பெயிண்ட் தடவத் தவறாதீர்கள். இந்த ஈரக்காற்றில் துரு அங்கேதான் தொடங்கும். துத்தநாகம் பூசிய தகடு, கம்பி எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

கரியில் அழுத்திச் செய்த பிரிக்கெட்டே சரி. மலேசியாவின் மாத்தாங் பக்கத்துச் சதுப்புநில மரக்கரி கிரில்லுக்கு அருமை. ஆனால் துண்டுகள் ஒரே அளவில் இல்லாததால் சங்கிலியாக அடுக்கும்போது நெருப்பு இடையில் அறுந்துவிடும். திறந்த பையிலுள்ள கரி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இறுக்க மூடும் வாளியில் கொட்டி வையுங்கள்.

அடுக்கும் முறை இதுதான். அடுப்புச் சுவரை ஒட்டி அரைவட்டமாக, பக்கத்தில் இரண்டு, மேலே இரண்டு என்று பிரிக்கெட்டுகளை நெருக்கி வையுங்கள். முதல் பாதியின் மேல் கைப்பிடி அளவு காய்ந்த மரத்துண்டு நான்கு. காலி இடத்தில், இறைச்சிக்கு நேர் கீழே, சுடுநீர்த் தட்டு. ஒரு முனையில் மட்டும் கனன்ற கரி எட்டு. மேல் துளை முழுக்கத் திறந்தே இருக்கட்டும், கீழ்த் துளை கால்பங்கு. 95 டிகிரியைத் தொட்டதும் கீழ்த் துளையைக் குறைக்கத் தொடங்குங்கள். 110–120 உங்கள் இலக்கு. தாண்டிவிட்டால் இறக்கப் பெரும்பாடு.

புகை மெல்லிய நீலமாக வர வேண்டும். அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் மரம் ஈரம், அல்லது காற்று போதவில்லை. மேல் துளையை மூடிப் புகையைத் தேக்குவதுதான் புதியவர்களின் வழக்கமான தவறு, கறி கசந்துபோகும். மரத்துண்டை ஊறவைக்கவும் வேண்டாம். பூங்காவில் கிளை ஒடிப்பது குற்றம். பெயிண்ட் அடித்த பலகை நஞ்சு.

கோழிக் காலில் தொடங்குங்கள். கிலோவுக்கு 15 கிராம் உப்பு தடவி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் திறந்து வையுங்கள். இஞ்சிபூண்டு விழுது போட்டால் மேல்தோல் காயாது, உலர்ந்த மசாலா போதும். உள்சூடு 74 டிகிரியில் பாதுகாப்பாக வெந்துவிடும், 80 தாண்டினால்தான் மென்மை. அடுப்பின் இந்தக் குறைந்த சூட்டில் தோல் ரப்பராகவே இருக்கும். கடைசியில் கனலுக்கு நேர் மேலே சில நிமிடம் காட்டுங்கள்.

லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் வாங்கும் ஆட்டுச் சப்பை வேறு விளையாட்டு. அதற்குக் கரி முக்கால் வட்டம் வேண்டும். 65–70 டிகிரியில் உள்சூடு நின்றுவிடும். ஈரம் ஆவியாகிக் கறியைக் குளிர்விப்பதுதான் காரணம். பதறிக் கரி கொட்டாமல் ஃபாயிலில் சுற்றி, 93 வரும்வரை விடுங்கள்.

பிற்பகல் இடிமழைக்கு முன் முடியுமாறு காலையிலேயே மூட்டுங்கள். அக்கம்பக்கத்தில் துணி காய்கிறதா என்று பார்ப்பது மரியாதை. புகைமூட்டம் இருக்கும் நாள்களில் தள்ளிப்போடுங்கள்.

முடிந்ததும் தண்ணீர்த் தட்டு, சாம்பல் கிண்ணம், தொய்ந்த மூடுதுணி எல்லாவற்றையும் வடித்துவிடுங்கள். ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நீர் ஒரு வாரம் போதும். தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் அபராதம் உங்களுக்கு. சாம்பலை உலோக வாளியில் ஒரு நாள் ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளறி, முழுதாக அணைந்த பிறகே குப்பையில் சேருங்கள்.